"பரவாயில்லை" என்றால் எந்த வீடு?

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்காவின் முழங்கால் தவிர அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன், முழங்காலைச் சேர்க்காமல்.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னது உனக்குத் தெரியும். இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தேன். ஒன்று மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னொன்று தரைத்தளம், ஆனால் சுவரை ஒட்டித் தகரப் பட்டறை. ஏதாவது ஒன்றைப் பிடித்து மூட்டை கட்டியிருப்பேன், என் மகள், அதாவது உன் அருமை மருமகள், விட்டால்தானே! பல விஷயங்களைச் சீர்தூக்கி முடிவெடுப்பதுதான் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சி. மதிப்பெண் போடக் கூடாதாம், வாயில் வருகிற வார்த்தையைச் சொன்னால் போதுமாம், ஆனால் வார்த்தைகளுக்குக் கறாரான எல்லை கிடையாதாம், 'சுமார்' முடிவதற்கு முன்பே 'நல்லது' ஆரம்பித்துவிடுமாம். எங்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து தண்ணீர், வெளிச்சம், சத்தம், படிக்கட்டு என்று விசாரணை. நான் ஒவ்வொன்றுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டு பதில் சொன்னேன். உன் அக்காவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. மூன்றாம் மாடிப் படி எப்படி? "பரவாயில்லடி." பட்டறைச் சத்தம்? "அதுவும் பரவாயில்ல." எல்லாவற்றையும் மகள் கணினியில் ஏற்றிக் கணக்குப் போட, அது மூன்றாம் மாடியைக் கொடுத்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, உன் அக்கா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாகவே இறங்கினாள். அன்று மகளிடம் சொன்னேன், "உங்கம்மா பரவாயில்லன்னா மோசம்னு அர்த்தம்மா. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியாதா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதத்தாம்ப்பா நானும் சொல்றேன்! ஒரே வார்த்தைக்கு ஆளாளுக்கு ஒரு அளவு!" என்று அம்மாவின் வார்த்தைகளை எல்லாம் 'மோசம்' பக்கம் தள்ளி, படிக்கட்டுக்குக் கூடுதல் கனம் வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். தரைத்தளம் வந்தது. ஓடிப்போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து உன் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல." அந்த வார்த்தைக்கும் என்ன அளவு என்று மகள் கேட்கிறாள். "அதுக்கு உன் கணினி தாங்காதும்மா" என்றேன்.

அலுத்துவிட்டது, மச்சான். ஞாயிற்றுக்கிழமை வந்து சாமான் ஏற்ற ஒரு கை கொடு. அப்படியே அக்காவிடமும் நல்ல வார்த்தை பேசு. பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதை உறையில் போடும்போது உன் அக்கா வந்தாள், கையில் மூன்றாம் மாடிச் சாவி. தரைத்தளக்காரரிடம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாளாம். "அங்கதான் வெளிச்சமும் காத்தும் இருக்கு. நான் பரவாயில்லன்னு வாய் திறந்து சொன்னேனா இல்லியா?" என்றாள். "அப்ப உன் முழங்கால்?" என்றேன். "ஏறிட்டா அப்புறம் நான் எதுக்கு இறங்கப்போறேன்? கடை, மருந்து, குப்பை எல்லாத்துக்கும் நீங்கதானே போறீங்க?" என்கிறாள். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அந்த மேசையில் யாருமே கேட்கவில்லை, மச்சான்.