ஆலோசகருக்கு நான் பார்த்த வைத்தியம்

அன்புத் தங்கை சிர்க்காவுக்கு,

அண்ணன் கௌகோ எழுதிக்கொள்வது. இங்கே நான், படகு, சவுனா அடுப்பு மூவரும் நலம். அங்கே ஸ்வீடனில் நீயும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. என் மகள் தாரு உனக்குப் போன் செய்து அழுதிருப்பாள். அதை நம்பிக் கப்பல் ஏறிவிடாதே. யாரும் வரத் தேவையில்லை.

நடந்தது இதுதான். உன் அண்ணி ரைலி செத்துப்போன பிறகு நான் பேச்சைக் குறைத்துவிட்டேனாம். அவள் இருந்தபோது மட்டும் நான் என்ன மேடைப் பேச்சாளனா? தாரு போனில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்பாள். "இருக்கேன்" என்பேன். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னத்தைச் சொல்ல? அதற்குப் போய், "அந்த ஏரிக்கரையில தனியா உட்கார்ந்து உட்கார்ந்து நீங்க ஊமையாவே ஆயிடுவீங்க. ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு அவர் சொல்லிட்டா நான் வாயே திறக்கல. இல்லேன்னா வீட்டை வித்துட்டு தம்பெரே டவுனுக்கு என் பக்கத்துல வந்துடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் பார்த்து வைத்திருக்கும் குடியிருப்பில் சவுனா நீராவிக் குளியலறை எல்லாருக்கும் பொதுவாம், முறை வைத்துக் குளிக்கணுமாம், எனக்கு வியாழக்கிழமைதான் காலியாம். சனிக்கிழமையை விட்டுவிட்டு வியாழக்கிழமை எவனாவது சவுனாவுக்குப் போவானா, நீயே சொல்.

வேறு வழியில்லாமல் சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஆலோசகர் பெயர் தோனாத்தோ, இத்தாலிக்காரர், சின்ன வயசு. நம் மொழியை நம்மைவிட நன்றாகவே பேசுகிறார், அதுதான் தொல்லை. போனதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், முழங்காலோடு முழங்கால் இடிக்க நாற்காலியை இழுத்துப் போட்டார், கண்ணுக்குள் கண்ணை விட்டு, "மனசுக்குள்ள என்ன ஓடுது, சொல்லுங்க" என்றார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். அவர் கொஞ்சம் முன்னால் வந்தார். நான் தள்ள, அவர் வர, கடைசியில் என் முதுகு சுவரில் முட்டிவிட்டது. "ஒண்ணும் ஓடல" என்றேன். "எங்கேயாவது வலிக்குதா?" "முதுகுல. சுவர் இடிக்குது." அவர் பெருமூச்சு விட்டார்.

அடுத்த வாரம் என்னைக் குழுவில் சேர்த்தார். எல்லாரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர்கள். பக்கத்து வீட்டு வில்யோவும் இருந்தான். பாவம், அந்த ஆலோசகர் நாற்காலிகளை நெருக்கி நெருக்கி வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். நாங்கள் வந்தோம், ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கினோம், சுவரோரமாக நல்ல இடைவெளி விட்டுப் போட்டு உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் வில்யோ "ம்" என்றான். அவன் மனைவி போனதும் இப்படி ஒரு பனி நாளில்தான், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "ஆமாம்ப்பா" என்றேன். நேரம் முடிந்ததும் வில்யோ தொப்பியை மாட்டிக்கொண்டு, "மனசு விட்டுப் பேசினதுல பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு. அடுத்த வாரமும் வர்றேன்" என்றான். தோனாத்தோ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒருத்தர்கூடப் பேசலையே!" "என்ன தம்பி இப்படிச் சொல்லிட்டீங்க? வில்யோ இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மன்னிச்சுக்கங்க. உங்க நிலைமை சரியில்லைன்னுதான் உங்க மகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். வீடு போச்சு, ஏரி போச்சு, இனி வியாழக்கிழமைக் குளியல்தான். அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். வாய் ஓயவே இல்லை, கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அடக் கடவுளே, உடம்பு சரியில்லாதவர் இவரல்லவா! "சனிக்கிழமை என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. இந்த ஊருக்கு வந்ததிலேர்ந்து யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல." "சவுனா போடறேன். வாங்க."

வந்தார், நீச்சல் டிரவுசரோடு. "இதெல்லாம் எதுக்குப்பா, நீச்சல் போட்டியா?" என்று கழற்ற வைத்தேன். அடுப்பின் மேல் காய்ந்திருந்த கல்லில் முதல் அகப்பைத் தண்ணீரை ஊற்றினேன், ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார், ஊரைப் பற்றிப் பேசினார், கால்பந்து பேசினார். இரண்டாவது அகப்பைக்கு வேகம் குறைந்தது. மூன்றாவதில் வாய் மூடிக்கொண்டது. அரையிருட்டு. யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை, அடுப்பைப் பார்த்தால் போதும். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டுல ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருந்தா எங்கம்மா டாக்டருக்கு ஆள் அனுப்பிடுவாங்க. இங்க எல்லாருமே சும்மா இருக்கீங்க. எல்லாருக்கும் என் மேல ஏதோ கோவம்னு நினைச்சு நினைச்சுத்தான் நான் பேசிக்கிட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார். நான் இன்னொரு அகப்பை ஊற்றினேன். அப்புறம் வழக்கப்படி, உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் வெட்டிய துளையில் அவரை இறக்கினேன். போட்டார் பார் ஒரு கூச்சல், எதிர்க்கரை நாய் பதில் குரைத்தது! மேலே வந்து சாசேஜ் சுட்டுத் தின்றோம். ஆள் குணமாகிவிட்டார். எனக்கும் ஒன்றுமில்லை என்று தாருவிடம் சொல்லிவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குப் பேச ஒன்றும் இல்லையே. ஆகவே நீ கவலைப்படாமல் இரு, வராதே.

மாப்பிள்ளையின் முழங்காலைக் கேட்டதாகச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கௌகோ

பி.கு.: மேலே எழுதியதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. தோனாத்தோ சவுனாவுக்குள் வந்ததும் மேல் பலகையில் ஜன்னலோரம் உட்காரப் போனார். அங்கே ரைலியின் துண்டு விரித்திருந்தது. சனிக்கிழமை தவறாமல் விரித்து வைக்கிறேன், யாருக்கும் சொன்னதில்லை. அவர் அழுது முடித்த பிறகு, "அது யாரோட துண்டு?" என்று கேட்டார். அவ்வளவுதான், நான் ஆரம்பித்தவன் அடுப்பு அணையும்வரை நிறுத்தவில்லை. நானும் அழுதேன், அவரைவிடச் சத்தமாக. அந்த இத்தாலிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, சிர்க்கா. அகப்பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். கிளம்பும்போது, "உங்களுக்கு நல்லாவே இல்ல. ஆனா வீட்டை விக்க வேணாம்னு தாருகிட்ட நான் பேசறேன். சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன்" என்றார். துறைமுகத்திலிருந்து வரும் பஸ் மத்தியானம் இங்கே நிற்கும். உனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். வந்து எதுவும் பேச வேண்டாம். வா.