தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

இந்தத் தடவை மனைவியை அழைத்துப் போவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்தார். பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் யாரிடமும் உளற முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் பாடகர் இடியண்ணன் கச்சேரிக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். பெரிய விளையாட்டு மைதானம். இவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இடியண்ணன் சட்டைப் பொத்தான் அளவு தெரிந்தார். பாட்டு வேறு, அவர் வாயை மூடிய பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தது. மனைவியின் பாட்டு மட்டும் உடனுக்குடன் வந்தது. நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு இடியண்ணன் பாட்டையே பாடுகிறவள். ஒரு வரி விடாமல் தலைகீழ்ப் பாடம். அங்கேயும் தொண்டையைத் திறந்து விட்டாள். முன்வரிசையில் ஒரு மீசைக்காரர் திரும்பினார்.

"ஏம்மா, நாங்க அவர் பாடுறதைக் கேக்க வந்திருக்கோம்."

"அவர் அங்க பாடட்டும், நான் இங்க பாடறேன். மைதானம் பெருசுதானே?"

செருப்பைத் தேடுவதுபோல் நாற்காலிக்கு அடியில் குனிந்த கண்ணாடிக்கடைக்காரர், கச்சேரி முடிந்துதான் நிமிர்ந்தார்.

இப்போது அதே இடியண்ணனுக்கு மைதானம் அலுத்துவிட்டதாம். சின்னச் சின்ன அறைகளில், ஒலிபெருக்கி இல்லாமல், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பாட ஆசையாம். பழைய மரச்சாமான் கிடங்கின் மாடியில் இருக்கும் குட்டி அரங்கத்துக்கு வருகிறார். முன்வரிசைக்காரர் தும்மினால் பாடகர் கைக்குட்டை எடுக்க வேண்டும், அவ்வளவு நெருக்கம். வாழ்க்கையில் ஒரு தடவை அவர் குரலை, அவர் குரலை மட்டும், கிட்டத்தில் கேட்டுவிட வேண்டும். அங்கே மனைவி வாயைத் திறந்தால்?

அதிர்ஷ்டம் கடை தேடி வந்தது. அரங்கக்காரர் தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டு, அதை இரண்டு துண்டாகக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கச்சேரிக்கு முன்னால வேணும்ங்க. இது இல்லேன்னா எது இடியண்ணன், எது தூணுன்னே எனக்குத் தெரியாது."

"நாளைக்கே தர்றேன். எனக்கு ஒரு இடம் குடுங்க."

"ஒரே ஒரு நாற்காலிதான் பாக்கி. அதுவும் தூணுக்குப் பின்னால. வீட்டம்மாவுக்கு என்ன செய்வீங்க?"

"ஒண்ணு போதும். எனக்குக் கல்யாணமே ஆகலைன்னு நினைச்சுக்குங்க."

இருவரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

அந்த வாரம் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை. கனத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. நடுவில் மனைவியின் தலை மட்டும் தெரிந்தது.

"என்ன இது, யானைக்குப் பாவாடையா?"

"திரைச்சீலைங்க. ஒரு ஹாலுக்கு. சத்தம் எதிரொலிக்காம இருக்கணுமாம்."

எந்த ஹால் என்று அவர் கேட்கவில்லை. மனைவி யாருக்குத் தைக்கிறாள் என்று என்றைக்குக் கேட்டார், அன்றைக்குக் கேட்க?

கச்சேரி நாள் வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றார்.

"கடையில சரக்கு எண்ணணும். வர நேரமாகும்."

"ஐயோ பாவமே! நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டா எண்ணுவீங்க?"

"சரக்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே போய் ஓர் அடுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோபுரம் மாதிரி இருந்தது.

"இவ்வளவா? ரெண்டு பேர் சாப்பிடலாமே!"

"பசியோட எண்ணினா தப்பா வரும். வேற யாராவது கேட்டாலும் இல்லைன்னு சொல்லாம குடுங்க."

வெள்ளந்தி மனுஷி என்று அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. வழியில் டப்பாவை எங்காவது வைத்துவிடலாம் என்று பார்த்தார். வைத்த டப்பா திரும்பி வராவிட்டால் என்ன பதில் சொல்வது? மார்போடு அணைத்துக்கொண்டே மாடி ஏறினார். வாசலில் கைபேசியைப் பிடுங்கி வைத்தார்கள். சாப்பாட்டு டப்பாவைப் பற்றி அவர்களுக்கு எந்த உத்தரவும் இல்லை போலிருக்கிறது.

தூணை ஒட்டிக் கழுத்தை நீட்டினால் பாதி இடியண்ணன் தெரிந்தார். பாதியே போதும்! காலர் ஓரத்து நூல் பிரிந்திருப்பதும், சவரக்கத்தி பட்ட இடமும்கூடத் தெரிந்தன. முதல் வரியை எடுத்தார். கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கியது. நிம்மதி. பக்கத்தில் யாரும் பாடவில்லை.

இரண்டாவது சரணத்தில் இடியண்ணன் நின்றார்.

மைதானத்தில் அவர் காலடியில் ஆள் உயர எழுத்தில் பாட்டு வரி ஓடும். இங்கே அதற்குக் கைக்குட்டை அளவுத் திரை ஒன்றுதான் எதிரே இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கினார். தலையைப் பின்னால் இழுத்தார். முன்னால் நீட்டினார். வெள்ளெழுத்து! கண்ணாடிக்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கச்சேரியைக் காப்பாற்றப் போவது நான்தான் என்று பாதி எழுந்தார். மடியிலிருந்து டப்பா வழுக்கியது. அதைப் பிடிக்கக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து, மேடையோரத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பாடியது.

"விளக்கை அணைச்சிடாதே, வழியெல்லாம் உன் வெளிச்சம்..."

இருபது வருடமாகத் தையல் மெஷின் சத்தத்தோடு கேட்ட குரல்.

"யாரும்மா அது?" இடியண்ணன் திரையை விலக்கினார். முக்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி நூல்.

அரங்கக்காரர் பதறி ஓடிவந்தார். "திரை தைச்ச அம்மாங்க. எதிரொலி வந்தா அங்கேயே இழுத்துத் தைக்கணும், உள்ளே ஒரு முக்காலி போட்டாத்தான் வேலையே எடுப்பேன்னுட்டாங்க. நாற்காலி குடுத்திருப்பேன். கடைசி நாற்காலியைக் கல்யாணமாகாத ஒரு கண்ணாடிக்கடைக்காரர் வாங்கிட்டுப் போயிட்டார்னு சொன்னேன். பெருந்தன்மையாச் சிரிச்சாங்க."

தூணுக்குப் பின்னால் ஒருவர் வியர்த்தார்.

"அடுத்த வரி தெரியுமாம்மா?"

"எல்லா வரியும் தெரியும்ணே. நீங்க பாட்டுக்குப் பாடுங்க. விட்ட இடத்துல நான் பிடிச்சுக்கறேன்."

முக்காலி மேடை நடுவுக்கு வந்தது. அப்புறம் என்ன! அவர் விட்டார், அவள் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் வேண்டுமென்றே விட ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டிக் கூரையைப் பிய்த்தது. திரைச்சீலை மட்டும் அசையாமல், ஒரு எதிரொலியும் விடாமல் நின்றது. கண்ணாடிக்கடைக்காரருக்கே உள்ளுக்குள் என்னவோ பொங்கியது. எத்தனை பாட்டு, எவ்வளவு அழகாக! தன்னையறியாமல் வாயைத் திறந்து அவரும் சேர்ந்து பாடினார்.

பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார்.

"உஷ்! அந்தம்மா பாடுறதைக் கேக்க விடுங்கய்யா."

பாட்டெல்லாம் முடிந்ததும் இடியண்ணன் கேட்டார், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலையாம்மா?"

"அவருக்குக் கடையில சரக்கு எண்ணற வேலைண்ணே. பாவம், நல்ல சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு எண்ணறார்."

"அப்பேர்ப்பட்ட உழைப்பாளிக்கு ஒரு கைதட்டு!"

எல்லோரும் தட்டினார்கள். தட்டாமல் இருந்தால் பக்கத்துக்காரர் முறைப்பார் என்று கண்ணாடிக்கடைக்காரரும் தட்டினார்.

"பாடினா எனக்குப் பசி வந்துடும்மா. இங்க ஒண்ணுமே காணோமே?"

மனைவி தூண் பக்கம் கையை நீட்டினாள். "அதோ, அங்க ஒருத்தர் அடுக்கு டப்பாவோட உக்காந்திருக்கார். கல்யாணமாகாத மனுஷன்போல, யாருமில்லாம தனியா வந்திருக்கார். கேட்டா இல்லைன்னு சொல்லமாட்டார்."

சொல்லவில்லை. சொல்ல வழியுமில்லை. கூட்டம் விலகி வழிவிட, டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இடியண்ணன் கையைக் குலுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தக் கை நேராக மூடியைத் திறக்கப் போய்விட்டது. அண்ணனும் அவளும் மேடை விளிம்பில் உட்கார்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

காலி டப்பாவோடு அவர் நடந்தே வீடு வந்தார். மனைவி முன்பே இடியண்ணன் காரில் வந்து இறங்கி, ஒன்றும் தெரியாதவள்போல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அண்ணனும் அதையேதாங்க சொன்னார்."