கறுப்புப் பையும் வேகாத போஞ்சியும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு சூப் வைக்கலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் வேலை.

கொத்திய மாட்டிறைச்சி, சிவப்பு பீன்ஸ் என்கிற போஞ்சிக்கொட்டை, தக்காளி, கேரட், உருளைக்கிழங்கு. வீடியோவில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

அந்த அம்மா எங்களைப் போல் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருக்கவில்லை. எங்கம்மாவுக்கு மகளாகவும் பிறக்கவில்லை. சிரிக்காமல் என்ன செய்வார்?

கெம்பஸ் விடுதியில் என் அறைத்தோழி ரைஸ் குக்கரிலேயே இதை வைப்பாள். லீவுக்கு மலைநாட்டுக்கு, எங்கள் நோர்வூட்டுக்கு வந்தால் மழை விட்டபாடில்லை. பல் கிட்டுகிறது. சூப் இல்லாமல் ஒரு மனுஷி எப்படி உயிர் வாழ்வது?

"அம்மா, இன்னைக்கு பீஃப் சூப் வைக்கப்போறேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றது.

"என் அடுப்புலயா?"

எங்கள் வீட்டில் கோழிக்கு ஒரு சட்டி. கருவாட்டுக்கு ஒரு சட்டி. மாட்டுக்கு மட்டும் வாசற்படியே கிடையாது. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்." இதையெல்லாம் ஒரு வாதம் என்று ஏற்றுக்கொள்ளவா நான் கெம்பஸ் விவாத அணியில் இருக்கிறேன்?

"சாமி படம் முன் ரூம்ல இருக்கு. அடுப்பு பின்னால இருக்கு. நடுவுல செவுரு இருக்கும்மா!"

"செவுரு கூரை வரைக்குமா இருக்கு? லயத்துச் செவுரு அரைச் செவுரு, ஒரு வீட்ல தும்முனா கடைசி வீடு வரைக்கும் கேக்குதுன்னு மேடையில பேசி கப்பு வாங்கிட்டு வந்தது யாருடி?"

என் பேச்சை என் மீதே எறிகிறார்! நடுவர் இருந்திருந்தால் முறையிட்டிருப்பேன். அப்பாதான் இருந்தார். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடைசியில் அம்மாவே ஒரு பந்தயம் போட்டார்.

"வெளியில ஆக்கிக்க. என் சட்டியத் தொடாத. பொழுது சாயுறதுக்குள்ள ஆக்கி முடிச்சு, என் கண்ணு முன்னால ஒரு கரண்டி மாட்டத் தின்னு காட்டு. அப்புறம் ஜென்மத்துக்கும் தடுக்க மாட்டேன். முடியலைன்னா, இந்த வீட்ல மாட்டப் பத்தி ஒரு பேச்சு, ஒரு கேள்வி, நீ வாயத் தொறக்கக் கூடாது."

ஒரு கரண்டி! இதற்குப் பெயர் பந்தயமா? தானமல்லவா!

"சரி. பேச்சு மாறக் கூடாது."

அட்டன் டவுனுக்கு பஸ் ஏறினேன். இறைச்சிக்கடையில் அரைக்கும் மெஷின் இல்லை. "கத்தியாலயே பொடியாக் கொத்தித் தாறேன் தங்கச்சி" என்றார் கடைக்கார முஸ்லிம் நானா. கொத்தி முடித்தவர், நான் கேட்காமலே ஒரு கறுப்புப் பையை உருவினார்.

"வெள்ளைப் பையில போடுங்க நானா. நான் என்ன திருடிக்கிட்டா போறேன்?"

"தோட்டத்து ஆக்கள் கறுப்புலதான் கேப்பாங்க தங்கச்சி."

"எந்தத் தோட்டத்து ஆக்கள்?"

நானா தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தொழில் தர்மம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் பெரியசாமி மாமா. என் வெள்ளைப் பையை ஒரு பார்வை பார்த்தார்.

"படிச்ச புள்ளைங்கதான் இப்புடிக் கெட்டுப்போகுதுங்க."

அவர் மடியில் ஒரு கறுப்புப் பை இருந்தது.

"அதுல என்ன மாமா?"

"இதுவா? நாய்க்கு."

மாமா வீட்டில் நாய் கிடையாது. அந்த இடத்திலேயே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். நானோ, பந்தயத்தில் ஜெயித்தபின் அம்மா முன் ஆற்றப்போகும் உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

சட்டி தந்தது அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா. சர்ச்சுக்குப் போகிற குடும்பம், இந்தச் சண்டையில் சம்பந்தமில்லாதவர். "கிறிஸ்மஸுக்கு எறக்குற சட்டி. பளபளன்னு திரும்பி வரணும்" என்று ஒரே நிபந்தனை.

லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்தி ஓரமாக, மழை படாமல் கூரைத் தகரம் நீண்டிருந்த இடத்தில் மூன்று கல் வைத்தேன். விறகு என்று இருந்தது தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிக் கழித்த மிலாறுக் குச்சி. அதுவும் மழையில் ஊறியது. ஊதினேன். இருமினேன். அழுதேன். ஒருவழியாகப் பற்றியது.

வெங்காயம், சீரகம், அதன்மேல் இறைச்சி. ஆஹா! அந்த வாசம் அரைச் செவுருக்கு மேலே ஏறி, கூரைக்குக் கீழே நடந்து, ஒரு வீடு விடாமல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு தக்காளி, உப்பு, காய்கறி, பாக்கெட்டைக் கிழித்து அப்படியே போஞ்சிக்கொட்டை.

முக்கால் மணி நேரம் போனது. கொட்டை கல்லு. இன்னொரு முக்கால் மணி. சூடான கல்லு.

"ராத்திரியே ஊறப் போட்டியா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"வீடியோவுல ஊறப் போடலயே!"

"டின்னுல இருந்து எடுத்துக் கொட்டியிருப்பாங்க. பாத்தியா?"

போனை எடுத்துப் பார்த்தேன். டின்தான். அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அப்போதே ஒரு கரண்டி இறைச்சியை எடுத்து அம்மா முன் விழுங்கியிருக்கலாம் என்பீர்கள். வேகாததைத் தின்று ஜெயிப்பதா? "ஆக்கி முடிச்சு" என்பதுதானே விதி? எதிரணிக்கு ஒரு ஓட்டையும் விடக்கூடாது!

முதலில் வந்தது கடைசி வீட்டு லெச்சுமி அத்தை.

"கோயில் இருக்குற லயத்துல என்ன பாவத்தடி பண்ற? ஐயய்யோ. வெந்துருச்சா?"

"தெரியலத்தே."

"கொண்டா, பாத்துச் சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"இன்னும் வேகல. அடியில வெந்துருக்கான்னு பாக்கணும்." பார்த்தார். "அடியிலயும் வேகல."

அடுத்து குடையோடு பெரியசாமி மாமா.

"நான் தின்ன மாட்டேன். ஆனா கமிட்டி ஆளு. இங்க என்ன நடக்குதுன்னு பாக்குற பொறுப்பு இருக்குல்ல?"

பொறுப்பை மூன்று தடவை நிறைவேற்றினார். "கொட்ட கல்லு மாதிரி இருக்கு புள்ள."

"இறைச்சி வெந்துருச்சா மாமா?"

"அத நான் கவனிக்கல."

பிறகு, பிளேன்டீ குடிக்கிற பெரிய கோப்பையோடு அப்பா.

"அம்மாதான் வெந்துச்சான்னு பாத்துட்டு வரச் சொன்னிச்சு."

கோப்பை நிறையப் பார்த்தார். "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் எரிக்கணும்" என்று இரண்டு மிலாறை அடுப்பில் தள்ளிவிட்டுப் போனார். என்ன பாசம்!

ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் ஒரே சாட்சியைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். இது எங்களுக்குக் கெம்பஸில் படிப்பித்தது. ஆகவே நம்பி, எரித்தேன். அவர்களும் அக்கறையோடு மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. அம்மா வந்தார்.

"எங்க? தின்னு காட்டு."

கரண்டியை விட்டேன். போஞ்சி வந்தது. மறுபடி விட்டேன். கேரட். அடிவரை துழாவினேன். ஒரு உருளைக்கிழங்கு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கொத்தின இறைச்சியில் ஒரு தூள் இல்லை!

"இருந்துச்சும்மா! சத்தியமா இருந்துச்சு! மாமா, சொல்லுங்க!"

பின்வாசலில் நின்ற மாமா நெஞ்சில் கை வைத்தார். "மாடா? நம்ம லயத்துலயா? அதெல்லாம் யாரும் தொட மாட்டாங்களே புள்ள!" முன்பல் இடுக்கில் ஒரு துணுக்கு அவர் சொன்னதை மறுத்துக்கொண்டிருந்தது.

லெச்சுமி அத்தையின் கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா! நீங்களாவது சொல்லுங்க!"

அப்பா எதிர்மலைப் பனியை ரசித்துக்கொண்டிருந்தார். அந்த மலையை அவர் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்.

அம்மா குனிந்து சட்டியை மோந்தார். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தார்.

"சீரகம் எதுக்குப் போட்ட? மொளகத் தட்டி, இஞ்சியோட வதக்கியிருந்தா இந்தக் கவிச்சி வந்துருக்காது. மாட்டுக்கு மொளகுதான்."



"அம்மா, அது எப்புடி ஒங்களுக்கு..."

அம்மா ஒற்றை விரலைத் தூக்கினார்.

"ஒரு கேள்வி கூடாது. பேச்சு மாறக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

வாயை மூடிக்கொண்டு ஸ்டெல்லா அக்காவின் சட்டியைப் பளபளவென்று விளக்கினேன். போஞ்சி கடைசிவரை வேகவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் லயத்தில் யாரும் பொய் சொல்லவில்லை.