அதிமதுரம் தின்ற கரடி

ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. ரேஷன் குகை வாசலில் நின்று டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது அதன் வேலை. தொண்டையோ தகர டப்பா. அது "பதினேழு" என்று கூப்பிட்டால் முயல்கள் வரிசையை விட்டே ஓடிவிடும். அந்த நேரம் பார்த்து, இனிமேல் நம்பர் கூப்பிட மிஷின் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தது. மேலதிகாரி யானை நேரில் வந்து, கரடியின் குரலைக் கேட்டு முடிவு செய்யுமாம். இந்த வேலையை விட்டால் சடையாண்டிக்கு வேறு பிழைப்பு தெரியாது.

மிட்டாய்க் கடை அணில் ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டியது. தொண்டைக்கு நல்லது, ஒன்று போட்டால் போதும் என்றது.

"பேரிலேயே 'அதி' இருக்குதே அணிலு. ஒண்ணு மட்டும் தின்னா அது வெறும் மதுரம்தானே?" என்று கேட்டது கரடி.

இலக்கணம் பேசும் கரடியிடம் அணிலால் என்ன வாதாட முடியும்? பாட்டிலையே தூக்கிக் கொடுத்துவிட்டது.

அன்று முதல் தினமும் பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது. குரல் என்னவோ தேனாகத்தான் ஆனது. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முகம் பணியாரமாக உப்பியது, கால் துவண்டது, நெஞ்சு தாளம் தப்பி அடித்தது. வைத்தியர் மந்தி நாடி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது.

"வெளியே போக வேண்டிய உப்பும் தண்ணியும் உள்ளே தங்கிடுச்சு சடையாண்டி. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போயிடுச்சு. இப்படியே தின்னா நெஞ்சு நின்னுடும். மிட்டாயை இன்னிக்கே விட்டுடு."

யானை வந்து போகட்டும், அப்புறம் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது கரடி.

யானையும் வந்தது. முதல் நம்பரைச் சொல்லக் கரடி வாயைத் திறந்தது, கால் மடங்கியது. வெகுநாளாக ஆள் போடாமல் காலியாகக் கிடந்த அதிகாரி நாற்காலியில் பொத்தென்று விழுந்தது. அசையவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. பாவம், பிழைப்பு போச்சே என்று கண் மட்டும் கலங்கியது.

யானை பார்த்தது. எதிரே குகை தாண்டி நீளும் வரிசை. மான் ஒன்று அட்டையைக் காட்டிக் கெஞ்சுகிறது. கரடியோ உப்பிய முகத்தோடு வெறித்துப் பார்க்கிறதே தவிர, ஒரு வார்த்தை பதில் இல்லை.

"இந்த நாற்காலிக்கு இப்படி ஒருத்தரைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம்" என்றது யானை. அங்கேயே உத்தரவு போட்டது.

மிட்டாயை விட்டதும் மந்தியின் வைத்தியத்தில் கரடி தேறிவிட்டது. இப்போது நன்றாக எழுந்து நடக்கும், இனிக்க இனிக்கப் பேசும். ஆனால் வேலை நேரத்தில் இரண்டையும் செய்வதில்லை. வாசலில் மிஷின் நம்பரைக் கூப்பிடுகிறது.

நீதி: அளவு மீறி இனிப்புத் தின்றால் ஒருநாள் விழத்தான் வேண்டும். எதன் மேல் விழுகிறோம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.