பங்காளிக் கிருமி

மனித குலத்தை ஒன்றாக்கப் பெரியவர்கள் பலர் பாடுபட்டார்கள். பாவம், அவர்களிடம் சரியான இயந்திரம் இல்லை. அந்தக் குறை பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், பூவரசம்பாக்கம் என்ற எங்கள் கிராமத்தில்தான் தீர்ந்தது. ஒரு கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, அது எந்த வம்சம் என்று சொல்லிவிடும் சோதனையை நோயாளியே அடம்பிடித்துக் கேட்டு வாங்கிய ஊர் இந்தியாவில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஊர் சுகாதாரக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றைப் பதிவு செய்வது என் கடமை.

எங்கள் ஊரில் சாதி வேற்றுமை கிடையாது. யாருக்கும் மனக்கஷ்டம் வரக்கூடாது என்றுதான் ஊர்த்தெருவுக்கு ஒரு தண்ணீர் டேங்க், காலனிக்கு ஒரு டேங்க், சுடுகாடும் அதே கணக்கில் என்று தாராளமாக வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் மழை விட்ட கையோடு வாந்திபேதி வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு தெருவுக்கும் வந்தது.

முதலில் விழுந்தது காலனி அமுதம். கரும்பு வெட்டுக்குப் போகிறவள். அவளுடைய அக்கா மஞ்சுளா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மறுநாள் எங்கள் குழுவின் நிரந்தரத் தலைவர் உலகநாதன் அவர்கள் விழுந்தார். நெல்லும் கரும்புமாக நிலம் உள்ளவர். ஆகவே அவர் விழவில்லை, 'அனுமதிக்கப்பட்டார்'.

டாக்டர் ஆரோக்கிய ஜெனிபர் வில்லியனூர்ப் பக்கத்துப் பெண். வயது குறைவு, அதனால் அவசரம் அதிகம். எடுத்த எடுப்பிலேயே, "தண்ணிதான் காரணம். ரெண்டு டேங்குக்கும் ஒரே லைனா?" என்று கேட்டுவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா இப்பிடிக் கேட்டுட்டீங்க?" கையில் குளுக்கோஸ் ஏற ஏறக் கொதித்தார் உலகநாதன். "அவங்க டேங்க் வேற, எங்க டேங்க் வேற. அவங்க நோவு வேற, எங்க நோவு வேற. அவங்களுக்குக் கண்டதைத் துன்னு சேரல. எனக்கு உடம்புச் சூடு."

"சூட்டுக்கு இத்தினி தடவையா ஐயா போவும்?"

"பரம்பரைச் சூடும்மா."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். டேங்கில் பிளீச்சிங் பவுடர் போடலாம், ஆனால் அழுக்கு எங்கே உள்ளே நுழைகிறது என்று தெரியாவிட்டால் மோட்டார் போடும்போதெல்லாம் புதுக் கிருமி வரும். நகரத்து ஆய்வகத்தில் மரபணு வரிசைச் சோதனை செய்கிறார்கள். "எந்தக் கிருமி, எதுக்கு எது சொந்தம்னு வம்சாவளி மாதிரி சொல்லிடும்."

வம்சாவளி என்றதும் தலைவர் எழுந்து உட்கார்ந்தார். "அனுப்புங்க! எங்க கிருமி யாரு, அவங்க கிருமி யாருன்னு ஊருக்கே தெரியட்டும்!"

இதைத்தான் நான் 'அறிவியல் மனப்பான்மை' என்கிறேன்.

சாம்பிள் எடுப்பதில் தலைவர் காட்டிய ஒத்துழைப்பைப் புகழ வார்த்தை இல்லை. ஐஸ் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதில் தன்னுடையதையும் அமுதத்தினுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதைப் பார்த்து அவருக்கு மயக்கம் வந்தது.

"ரெண்டும் மலம்தான் ஐயா" என்றார் டாக்டர்.

"அதுக்காவ?"

அவருடைய வீட்டிலிருந்து, மகள் கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் வைத்த பெட்டி வரவழைக்கப்பட்டது. அது ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் போனது. மற்றது பின்னால், தரையில்.

அறிக்கை வந்தது. குழுவைக் கூட்டி டாக்டர் படித்தார். "காலரா. ரெண்டு தெரு கிருமியும் ஒண்ணு. ஒரு எழுத்துகூட மாறல. ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க மாதிரி."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்ப நானும் அவங்களும் பங்காளின்றீங்களா?"

"நீங்க இல்லீங்க ஐயா. உங்க கிருமி."

"என் கிருமி என் உடம்புல வளர்ந்ததும்மா! மானம் ரோசம் இருக்காது அதுக்கு?"

டாக்டர் அறிக்கையை மடித்து வைத்தார். என்னைப் பார்த்தார். "செக்ரட்டரி சார், ரெண்டு லைனும் எங்கியோ சேருது. எங்கன்னு சொல்லுங்க, தோண்டிடலாம்."

எங்கே என்று எனக்குத் தெரியும். குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தெரு போர்வெல்லில் உப்புத் தண்ணீர் ஏறிப் பல வருஷமாகிறது. காலனி போர்வெல்லில் தண்ணீர் கற்கண்டாக இனித்தது. எனவே ரேஷன் கடைக்குப் பின்னால், சாக்கடைக்கு அடியில், காலனி லைனை வெட்டி எங்கள் டேங்குக்கு ஒரு ஜாயின்ட் கொடுத்து, மேலே மண்ணைத் தள்ளி, அன்றோடு மறந்துவிட்டோம். காலனிக்காரர்களிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று வெளியே தெரிந்தால், 'எங்க டேங்க் வேற' என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே அந்தக் குழாய் இல்லை. இல்லாத குழாயில் ஓட்டை எப்படி இருக்கும்?

"அப்படி எதுவும் இல்லைங்க டாக்டர்" என்றேன். மினிட்ஸிலும் அப்படியே எழுதினேன்.

பெட்டிகள் ஆம்புலன்ஸில் முட்டிக்கொண்டதால் கிருமிகள் கலந்துவிட்டன என்றும், புது சாம்பிள் வேறு வேறு நாளில், வேறு வேறு வண்டியில் போக வேண்டும் என்றும், அதுவரை எதையும் தோண்டக்கூடாது என்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் எல்லோருக்கும் பாட்டில் தண்ணீர் வழங்கப்பட்டது.

அமுதம் அதற்குள் ஒருமுறை தேறி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் குழாய்த் தண்ணீர். திரும்பி வந்தாள். மறுபடி தேற்றி அனுப்பினார்கள். மறுபடி அதே குழாய். மஞ்சுளா என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"சார், டாக்டரம்மா தோண்டலாம்னுது. நீங்க இன்னாத்துக்கு வேணாம்றீங்க? என் தங்கச்சி தாங்க மாட்டா சார்."

"ரிப்போர்ட் வரட்டும்மா. எல்லாம் அறிவியல்படிதான் போகணும்."

இரண்டாவது அறிக்கை வந்தது. முதல் அறிக்கையிலிருந்து ஓர் எழுத்தும் மாறவில்லை. இடையில் மாறியது ஒன்றுதான். மூன்றாவது தடவை விழுந்த அமுதம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனாள்.

அமுதத்தை எனக்குத் தெரியும். என் கொல்லை நிலத்தில் கரும்பு வெட்டியிருக்கிறாள். தாகம் என்றால் கையைக் குவித்துக் குனிந்து நிற்பாள். சொம்பு அவள் வாயில் படாமல் தூக்கி ஊற்றுவோம். அதுவும் அவளுடைய தெருத் தண்ணீர்தான் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. இதை மினிட்ஸில் எழுத இடமில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில், மஞ்சுளா ஒரு கடப்பாரையோடு ரேஷன் கடைப் பக்கம் வந்தாள். சாக்கடை ஓரம் எங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கிறதோ அங்கே இறங்கினாள். கூட்டம் கூடியது. உலகநாதன் உடம்பு தேறி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க தோண்டற?"

"ஏன், இங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல!"

"ஒண்ணும் இல்லாத எடத்தத்தான தோண்டறேன். உங்களுக்கு இன்னா வந்துது?"

கடப்பாரை மறுபடி இறங்கியது. சற்று நேரத்தில் குழாய் தெரிந்தது. ஜாயின்ட் விரிந்து, சாக்கடைத் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. குழுவினர் அனைவரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.

கொம்யூன் ஃபிட்டர் அன்புராஜ் வந்து வால்வை மூடினார். ஊர்த்தெருக் குழாய்கள் அத்தனையும் காற்றாக ஊதின. தலைவரின் மனைவி ருக்குமணி குடத்தோடு தெருமுனைக்கே வந்துவிட்டார். "வூட்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல! இன்னா பண்ணீங்க எல்லாரும்?"

"சீக்கிரம் சேத்து வுடுப்பா" என்று ஃபிட்டரின் காதில் மட்டும் சொன்னார் தலைவர்.

'வாய்க்கால் தூர்வாரும் பணி' என்ற பெயரில் ஜாயின்ட் புதிதாகப் போடப்பட்டது. இரண்டு டேங்கிலும் குளோரின் கொட்டினோம். மண்ணைத் தள்ளி மூடினோம். பேதி நின்றது. குழாய் மறுபடியும் இல்லாமல் போனது.

சென்ற வாரம் ஆய்வகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். எங்கள் ஊரைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்களாம். இரண்டு தெருக்காரர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கும் வழக்கம் உண்டா, கிருமி எப்படிப் பரவியது என்று தெரிய வேண்டுமாம்.

ஊரின் பெருமை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நிதானமாகப் பதில் சொன்னேன்: "எங்கள் ஊரில் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்காமல் எல்லோருடைய சொம்பிலும் வாய் வைத்தது அந்தக் கிருமி ஒன்றுதான் சார். அதையும் மருந்து போட்டுக் கொன்றுவிட்டோம்."