தாவாத் தாவல்

குடிநீர் வாரியத்துக்கு ஓர் இணையப் பக்கம் இருந்தது. பக்கம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நீளத்தைப் பார்த்தால் சாலை என்பதே பொருத்தம். தொடக்கத்தில் தலைவரின் வாழ்த்து, அதன் கீழே தலைவரின் படம், அதன் கீழே தலைவரை வாழ்த்தி மேலாளர் எழுதிய வாழ்த்து, பிறகு வாரியத்தின் வரலாறு, சாதனை, மறுபடியும் தலைவர். எல்லாம் முடிந்து அடிமட்டத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், பழுதுகளைத் தெரிவிக்கும் தொலைபேசி எண்.

இதைப் பராமரித்த நிரலாளரை அலுவலகமே 'பக்கம்' என்றுதான் கூப்பிட்டது. "பக்கம் எங்கய்யா?" "பக்கம் டீ குடிக்கப் போயிருக்கு." அவர் உண்டு, அவர் வேலை உண்டு என்றிருப்பவர். மேசைமேல் ஒரு தொலைபேசி இருந்தது. அது அடித்து அவர் கேட்டதில்லை. கைக்குட்டை காயப்போட வசதியாக இருந்தது.

அப்படிப்பட்டவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அதே தெருவில்தான் மேலாளரும் குடியிருந்தார். அவர் வீட்டிலும் குழாய் காற்றைத்தான் விட்டது.

"ஏங்க, தண்ணி வாரியத்துல வேலை பாக்கறவர் வீட்டுலயே தண்ணி இல்லன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"நான் உள்ள இருக்கிறவன்மா. புகார் வெளியில இருந்துதான் வரணும். பக்கத்துல நம்பர் இருக்கு, நீயே கூப்பிடு."

"எந்தப் பக்கத்துல?"

"எங்க பக்கத்துலதான். கீழ போய்க்கிட்டே இரு."

"போய்க்கிட்டேதான் இருக்கேன். இப்பத்தான் தலைவரோட மூணாவது போட்டோ வந்திருக்கு. கட்டைவிரல் தேஞ்சதுதான் மிச்சம்!"

அவருக்குச் சுருக்கென்றது. ஊருக்கு எழுதிய பக்கம் வீட்டுக்கே உதவவில்லையே! மறுநாள் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், நம்ம பக்கத்துக்குத் தாவல் வச்சிடலாம். மேல வாழ்த்து, வரலாறு, சாதனை, பழுதுன்னு நாலு தலைப்பு இருக்கும். எதைத் தொட்டாலும் அது மட்டும் திறக்கும், மத்தது மறைஞ்சுக்கும். கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட்ல நிரல் எழுதினாப் போதும்."

"மறையுமா?" மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரோ ஒருத்தன் பழுதைத் தொட்டா, தலைவர் மறைஞ்சுடுவாரா?"

"திரையில மட்டும்தான் சார். இப்ப தண்ணி இல்லாதவங்களுக்கு நம்பரே கிடைக்கலை. நம்ம தெருவையே பாருங்களேன்."

"எங்க வீட்லயும்தான் தண்ணி இல்ல. ஆனா புகார் வரலையே! புகார் வராம எப்படிய்யா பழுது இருக்கும்?"

 பக்கத்து ஊர் வாரியத்தில் தாவல் வந்துவிட்டது என்று பக்கம் சொன்னதும் மேலாளர் மனம் இளகியது. ஊரோடு ஒத்து வாழ வேண்டும் அல்லவா? கோப்பு நகர்ந்தது.

நகர்ந்த கோப்பு சொல்லாக்க அலுவலர் மேசையில் படுத்துக்கொண்டது. அவர் பக்கத்தை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தாவல்னு போட்டிருக்கீங்களே, உங்களுக்கு ஏதாவது நெஞ்சழுத்தமா?"

"கம்ப்யூட்டர்ல அதுக்கு அதான் சார் பேரு."

"இருக்கட்டும். நம்ம தலைவர் இந்த நாற்காலிக்கு எத்தனாவது கட்சியிலேருந்து வந்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா? அவர் படத்துக்கு மேலயே தாவல்னு எழுதுவீங்களா?"

 சொல்லாக்க அலுவலர் கண்ணை மூடி யோசித்து, பேனாவை எடுத்து, ஒரே ஒரு சொல்லை முன்னால் சேர்த்தார். உத்தரவு பிறந்தது: 'இனி வாரியத்தின் தாவல்கள் யாவும் தாவாத் தாவல்கள் என வழங்கப்பெறும்; அவ்வாறே செயல்படும்.'

'அவ்வாறே செயல்படும்' என்பது எல்லா உத்தரவின் வாலிலும் வருவதுதான். ஆனால் உத்தரவு உத்தரவுதானே? எழுதி வைத்திருந்த நிரல் வரிகளுக்கு முன்னால் பக்கம் இரண்டிரண்டு சாய்கோடு போட்டார். அப்படிப் போட்ட வரியைக் கணினி படிக்காமலே தாண்டிப் போய்விடும், மனுவைப் பார்த்த அதிகாரி மாதிரி.

தொடக்க விழாவில் தலைவர் விரலை நீட்டிப் பழுதைத் தொட்டார். ஒன்றும் அசையவில்லை. அவர் வாழ்த்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தீங்களா, என்ன உறுதி!" என்றார் மேலாளர். அரங்கமே கைதட்டியது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் கைதட்டல் கேட்கவில்லை. "நாலு கலர்ல அழகா இருக்கு. தொட்டா மரம் மாதிரி நிக்குது. இதுக்கா விழா?" என்று மனைவி காலிக் குடத்தை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சத்தம் அலுவலகம் வரை அவரைத் துரத்தியது.

வருவது வரட்டும் என்று பழுதுக்கான வரிகளில் இருந்த சாய்கோடுகளை மட்டும் அழித்தார். மனைவிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினார்: 'இப்ப தொடு.'

சற்று நேரத்தில், கைக்குட்டைக்குக் கீழே மணி அடித்தது.

அறையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் ஓடி வந்தார். பக்கத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இணையப் பக்கத்தை முதலில் செய்தபோது, பழுது எண் எது என்று மேலிடத்தைக் கேட்டிருந்தார். பதில் வரும்வரை இருக்கட்டும் என்று தன் மேசை எண்ணையே போட்டுவைத்தார். பதில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கைக்குட்டையை விலக்கிவிட்டு எடுத்தார்.

"ஐயா வணக்கம். எங்க தெருவுல தண்ணி வரலைங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கய்யா." அவர் மனைவியேதான். இத்தனை பணிவாக அவளிடமிருந்து அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மேலாளர் முறைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தின் வாயிலிருந்து, யோசிக்காமலே, அது வந்தது: "ஆவன செய்யப்படும்."

மறுமுனையில் குரல் மாறியது. "நீங்களா?" என்றது. பிறகு தொடர்பு அறுந்தது.

வைத்த மாத்திரத்தில் மறுபடி மணி. "கொடுங்க, எப்படிப் பேசறதுன்னு காட்டறேன்," என்று மேலாளரே எடுத்தார். கம்பீரமாக, "ஆவன செய்யப்படும்," என்றார். உடனே குரல் கிணற்றுக்குள் இறங்கியது. "நீ... நீயா?"

வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். "பக்கம், அதை மறுபடி தாவாம பண்ணிடுங்க. புகார்னு வந்தா பழுதுன்னு ஆயிடும். பழுதுன்னு ஆனா பாக்கணும். பாக்கறதுக்கு நம்மகிட்ட யாருய்யா இருக்கா?"

பக்கம் சாய்கோடுகளைப் போட்டார். மணி ஓய்ந்தது. தாவல் வந்தபின் புகாரே இல்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. அந்த மாதிரியே எங்களுக்கும் வேண்டும் என்று மற்ற வாரியங்கள் கேட்டு எழுதின.

மாலையில் அலுவலகக் குழாயில் பிடித்த கேனோடு தெருவுக்குள் நுழைந்தார். மேலாளர் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போகலையா சார்?"

"சோறு கேட்டேன். பரிசீலனையில இருக்காம்."

பக்கம் வீட்டுக்குள் போய்க் கேனை இறக்கினார். மனைவி நாற்காலியில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை.

"ஏம்மா, பசிக்குதே," என்றார் மெல்ல.

அவள் நிமிரவே இல்லை.

"ஆவன செய்யப்படும்."