இருமலுக்குக் காவல்

எங்கள் ஜெர்மானிய நகரம் லைப்சிக்கில் வருஷச் சந்தா கட்டி சிம்பனி கேட்கிறவர்களில் 'முறைப்புக்காரர்' என்றோர் இனம் உண்டு. இவர்கள் இசை கேட்க வருகிறார்கள் என்றா நினைத்தீர்கள்? யார் இருமுகிறார்கள் என்று கேட்க வருகிறார்கள். பின்வரிசையில் ஒரு தொண்டை செருமினால் போதும், புருவம் ஏறத் திரும்பிப் பார்ப்பார்கள். குற்றவாளி சால்வைக்குள் ஒடுங்கிவிடுவார்.

பல் டாக்டர் டீட்மார் க்ரோன் இந்த இனத்தின் திலகம். தனக்குப் பின்னால் உட்காரும் திருமதி ஸீகெர்ட்டைப் போன கச்சேரியின் இடைவேளையில், நாலு பேர் நடுவே, "சளின்னா வீட்டுல இருங்கம்மா, ரேடியோ எதுக்கு இருக்கு?" என்று கேட்டவர்.

இந்தக் கச்சேரியில் முதலில் இன்றைய இசையமைப்பாளர் ஒருவரின், செலோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தை முன்னிறுத்தும் கான்செர்ட்டோ, பிறகு பாட்டன் காலத்து ரொமான்டிக் சிம்பனி. பழைய சிம்பனியில் ஒரு சௌகரியம்: நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் முடிந்ததும் மண்டபமே கூடி இருமிக்கொள்ளலாம், குற்றமில்லை. புதிய கான்செர்ட்டோவிலோ அரைமணி நேரமும் ஒரே மூச்சு.

பாதியில் டாக்டருக்குத் தொண்டை கமறியது.

எச்சிலை விழுங்கினார். மூச்சைப் பிடித்தார். கண்ணில் நீர் முட்ட, மனிதர் இசையில் உருகுகிறார் என்று பக்கத்து இருக்கைக்காரர் மரியாதையோடு பார்த்தார். சட்டைப்பையில் இருமல் மிட்டாய் இருந்தது; காகிதம் சரசரக்குமே! சத்தமில்லாமல் பிரிக்கிறேன் பேர்வழி என்று மெல்ல, மெல்லப் பிரித்ததில், நொடியில் முடிய வேண்டிய சரசரப்பு பக்கவாத்தியமாகவே நீண்டது. மிட்டாய் நழுவித் தரையில் உருண்டது. செலோக்காரி தந்தியின் மேல் வில்லை இழையாக இழுக்க, மண்டபமே மூச்சடக்கியிருந்த நேரத்தில், டாக்டர் இருமினார். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இருமினார்.

உயிரே போய்விட்டது அவருக்கு. அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. "இந்தாங்க டாக்டர், காகிதம் சுத்தாதது," என்று கிசுகிசுத்து மிட்டாய் கொடுத்தார் திருமதி ஸீகெர்ட்.

இடைவேளையில் டாக்டர் அதே நாலு பேர் நடுவே தலைகுனிந்து நின்றார். "அன்னிக்கு நான் பேசினது தப்புங்கம்மா. என்னைக் கழுதைன்னு திட்டுங்க."

"ஐயோ, கழுதைகூட இவ்வளவு சத்தமாக் கத்தாது, டாக்டர்!"

எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் டாக்டர்தான். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது.

சிம்பனி தொடங்கியது. மெதுவான பகுதியில், பின்னாலிருந்து திருமதி ஸீகெர்ட்டின் சின்ன இருமல். டாக்டர் மனத்தில் நன்றிதான் நிறைந்திருந்தது, சத்தியமாக. ஆனால் அதற்குள் கழுத்து திரும்பிவிட்டது. புருவமும் ஏறிவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருமினால் மட்டும், உங்கள் கழுத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.